பதினான்காவது செடி

தினமும் காலை ஆறு மணிக்கு நான் செய்தித்தாள் மாற்றுவேன். படிப்பதற்கல்ல, சார். பறித்துவந்த செடிகளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே பலகை, பலகை மேல் ஐந்து கிலோ எடைக்கல். ஈரத் தாளை எடுத்துவிட்டு உலர்ந்ததை வைக்க வேண்டும். விட்டால் பூஞ்சை பிடிக்கும். எடைக்கல் மண்டி மொஹல்லாவில் பழைய இரும்புக் கடையில் நிக்கோல் வாங்கித் தந்தது. நிக்கோல் என் மனைவி. கல்லூரியில் தாவரவியல் நடத்தினாள்.

பலகைக்குள் இருந்தது சிக்கிமின் காட்டுப் பிரிம்ரோஸ். விரல் உயரம். இலைகள் தரையோடு வட்டமாகப் படர்ந்திருக்கும், அடிப்பக்கம் மாவு பூசியதுபோல வெள்ளை. ஊதாப் பூ, நடுவில் மஞ்சள் வளையம். சூல்தண்டு நீண்டு, குண்டூசித் தலைபோலப் பூவின் வாயில் தெரியும். ஏற்கெனவே அறியப்பட்ட இனத்தின் பதிவுகளில் இந்தச் சூல்தண்டு குட்டை. எனவே இது புதிய இனம் என்று இரண்டு வருடம் முன்பு எழுதினேன். நிக்கோலின் பெயரை வைத்தேன். அந்தக் கட்டுரையால்தான் எனக்கு வேலை கிடைத்தது.

இந்த வருடம் அதே சிக்கிம் மலைச்சரிவிலிருந்து பதினான்கு செடிகள் கொண்டுவந்தேன். அன்று காலை தாள் மாற்றும்போது பதினான்காவதை அவள் பார்த்தாள். அதில் சூல்தண்டு குட்டை.

"ரெண்டும் ஒண்ணுதான், லாய்ட்."

பிரிம்ரோஸில் ஒரே இனத்தில் நீளத் தண்டு, குட்டைத் தண்டு என இரண்டு விதப் பூவும் உண்டு. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அவள் நடத்தும் பாடம். போன முறையும் குட்டைத் தண்டுச் செடி ஒன்று கிடைத்தது. வேறேதோ கலந்துவிட்டது என்று வீசியிருந்தேன். புதிய இனம் இல்லை என்று கட்டுரை வந்த பத்திரிகைக்கு எழுதிவிட வேண்டும் என்றாள்.

எடைக்கல் என் கையில் இருந்தது. அந்த நேரத்தில் அது கையில்தான் இருக்கும். முதல் அடி காதுக்கு மேலே. மேசையைப் பிடித்தபடியே சரிந்தாள். இரண்டாவது அடி தேவைப்பட்டது. மூன்றாவது தேவைப்படவில்லை.

தாள்கள் நனைந்திருந்தன. எல்லாவற்றையும் மாற்றினேன். பதினான்காவது செடியை மென்று விழுங்கினேன். பிறகு கீழ்வீட்டு நஞ்சம்மாவிடம் போய், மனைவி வழுக்கி விழுந்துவிட்டாள் என்று கன்னடத்தில் சொன்னேன். தடுமாறவில்லை.

அவள் சிரித்தாள், ஏளனம் செய்தாள், அதனால் அடித்தேன் என்று நேற்று வாக்குமூலத்தில் உங்களிடம் சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள். அவள் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த எடைக்கல்லைப் பார்த்தாள். கடைசியாகச் சொன்னது இது:

"பரவால்லப்பா, ரெண்டு பேருமா சேந்தே எழுதலாம். மொதல்ல அந்தக் கல்லக் கீழ வை. கை நோவும்."