பெல்ட்டைப் பிடிக்க ஆள் கேட்டவர்

என் பெயர் சியாவோ யூமெய். வயது 38. பாவ்தோவ் நகரில் தொழிற்சாலைக் குடியிருப்பில் மகளுடன் வசிக்கிறேன். சூரிய மின்பலகைக்கான சிலிக்கன் கட்டி இழுக்கும் பிரிவில் உலை இயக்குபவராக இருக்கிறேன். இறந்துபோன நியே சாங்ஷுன் பக்கத்து உலைக்காரர். என்னைவிட இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

சம்பவத்தன்று காலை என் உலையில் சிலிக்கன் உருகியதும், விதைப் படிகத்தை அதில் தொட்டு மேலே இழுக்கத் தொடங்கினேன். அதன் பிறகு கட்டி மெல்லிய கழுத்திலிருந்து அகலமாகும், நாங்கள் தோள் விரிவது என்று சொல்லும் கட்டத்துக்கு வந்தது. அப்போது பார்வைக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. கட்டியின் மேல் நான்கு கோடுகள் தெரியும். ஒன்று மறைந்தாலும் படிகம் கெட்டது, திரும்ப உருக்க வேண்டும், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான். இதை வைத்து எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. தோள் பார்ப்பவரை மற்றவர்கள் எதையாவது சொல்லிக் கூப்பிடுவார்கள். திரும்பியவர் எல்லோருக்கும் ஆட்டுக்கறிக் கொழுக்கட்டை வாங்கித் தர வேண்டும். நியே இதில் மன்னன். ஒருமுறை என் மகள் வாசலில் அழுதுகொண்டு நிற்கிறாள் என்றார். திரும்பினேன், அவர்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அன்று நான் தோள் பார்த்துக்கொண்டிருந்தபோது நியே, ஆறிப்போன தன் உலையைத் திறந்து சுத்தம் செய்ய ஆயத்தமானார். உலைக்குள் விடும் ஆர்கான் வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை, அடியில் தங்கிவிடும், அதைச் சுவாசித்தவர் தெரியாமலே மயங்கிவிடுவார். அதனால் உள்ளே குனிபவரின் இடுப்புப் பெல்ட்டை இன்னொருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது விதி. அவருடைய துணையாளை மேற்பார்வையாளர் வேறு கொட்டகைக்கு அனுப்பியிருந்தார்.

"அக்கா, கொஞ்சம் வந்து பெல்ட்டப் பிடிங்க."

நான் திரும்பவில்லை.

"நெசமாத்தான்க்கா. சின்ன வேலைதான்."

"போடா, இன்னைக்குக் கொழுக்கட்டை உன் செலவு" என்றேன். அவர் சிரித்தார். அதன் பிறகு கம்பித் தூரிகை உரசும் சத்தம் கேட்டது. அதன் பிறகு நின்றது. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

தோள் முழு அகலத்துக்கு வந்து, கட்டி நேராக வளரத் தொடங்கியதும் நான் திரும்பிப் பார்த்தேன். உலை விளிம்பில் அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. ஓடிப்போய் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். அப்போதுதான் பிடித்தேன். மூச்சு இல்லை.

அதன் பிறகு மேற்பார்வையாளர் என்னைத் தனியாக அழைத்து, "கூப்பிட்டான்னு சொன்னா உன் தலையிலதான் விடியும். யாரையும் கேக்காம அவனாவே எறங்குனான்னு சொல்லிடு" என்றார். அப்படிச் சொன்னால், சொந்த அஜாக்கிரதையால் செத்தார் என்று நியேயின் மனைவியிடம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அவர் அஜாக்கிரதையானவர் அல்ல. விதிப்படி ஆள் கேட்டார். கேட்டது என்னை.

என் கட்டியை அடுத்த ஷிப்டில் இழுத்து முடித்தார்கள். நான்கு கோடுகளும் அடிவரை நேராக இருந்தன என்று பாராட்டினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

நான் சொல்ல எழுதியதை விசாரணை அதிகாரி வாசித்துக் காட்டினார். உலை இரைச்சலில் நியே கூப்பிட்டது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று ஒரு வரி இருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, உண்மை. கையொப்பத்தின் மேலும் அடித்த வரியின் மேலும் என் கைரேகையைப் பதித்துள்ளேன்.

(ஒப்பம்) சியாவோ யூமெய்