பாவம் என்று ஒரு சொல்

சர்க்கரை குறைவாகத்தான் போட்டிருக்கிறேன் அம்மா. போதாவிட்டால் கூச்சப்படாமல் கேள். அந்த நாற்காலி வேண்டாம், அதன் ஒரு காலுக்கு வெகு நாளாக என்னோடு கோபம். கட்டிலிலேயே உட்கார்.

தண்ணீர் கேட்டு வந்தாய். தண்ணீர் பக்கத்து வீட்டுக் குழாயிலேயே நன்றாக வருகிறது. நீ திறந்து பார்த்து மூடியது எனக்குக் கேட்டது. வீடு பார்க்க வருகிற பெண்கள் எல்லோருக்கும் என் வாசலைக் கண்டதும் தாகம் எடுத்துவிடும். புருஷன் அங்கே புரோக்கரோடு அறையை அளந்துகொண்டிருப்பான். பெண்டாட்டி இங்கே வந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவாள். "வீடு எப்படிங்க? அக்கம்பக்கம் எப்படி?" நீ கூடுதலாக ஒன்று கேட்டாய்: "ஏன் இவ்ளோ மலிவா குடுக்குறாங்க?" கெட்டிக்காரிதான். சொல்கிறேன். டீ ஆறட்டும்.

டொக் டொக் என்று கேட்கிறதா? உன் வீட்டுக்காரர் சுவரைத் தட்டிப் பார்க்கிறார். அவர் தட்டுவது என் சுவர். இந்தத் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர், அதுவும் ஒற்றைச் செங்கல். தொழிற்சாலைக்காரர்கள் தொழிலாளிக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடு. அங்கே ஒருவர் தும்மினால் இங்கே நாம் மாத்திரையை எடுத்து வைக்கலாம். புருஷன் பெண்டாட்டி சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று தெருவே கூடித் தீர்ப்புச் சொல்லும், சண்டைக்காரர்களைக் கேட்காமலே. பசித்தால் எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம். கதவைச் சாத்திக்கொண்டு அழ மட்டும் முடியாது.

என்னை இங்கே என்கொயரி என்பார்கள். என்கொயரி அக்கா. ஸ்டேஷனில் இருக்குமே, எந்த வண்டி எப்போது என்று சொல்கிற ஜன்னல், அதுதான் நான். விலாசம் கேட்டு வருகிறவனை முனைக் கடைக்காரர் "என்கொயரிக்குப் போங்க" என்று இங்கேதான் அனுப்புவார். பட்டப்பெயர்தான், ஆனால் எனக்குக் கோபமில்லை. பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் போடுகிற வேலையில்தான் என் வாழ்நாள் போயிற்று. பாக்கெட்டைப் பிரிக்காமலே காதருகே வைத்து ஒரு ஆட்டு ஆட்டினால் உள்ளே உடைசல் உண்டா என்று சொல்லிவிடுவேன். மனிதர்களும் அப்படித்தான் அம்மா. ஒரு ஆட்டு ஆட்டினால் போதும்.

எனக்கு ஒரே மகன். வேறு ஊரில் வேலை, வாடகை வீடு, பெண்டாட்டி, இரண்டு குழந்தைகள். இந்த வீட்டில் வந்து தங்கு என்றால், "உன் வீட்டுல கால் நீட்டினா சமையல்கட்டு, கை நீட்டினா தெருவும்மா" என்பான். அவன் வேடிக்கையாகப் பேசுவான், அவன் அப்பா மாதிரி. ஒருநாள் போனில் நான் கொஞ்சம் அதிகமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. "சரிம்மா, பக்கத்து வீடு கிடைச்சா வந்துடுறேன். போதுமா? பஸ் வந்துடுச்சு, வைக்கிறேன்" என்றான். பார், எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறான். கிடைத்தால் வருவேன். அதற்குப் பிறகு நான் வேறு எதையும் யோசிக்கவில்லை.

பக்கத்து வீட்டில் அப்போது ஒரு வெல்டரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவள் தையற்காரி. இந்தச் சுவரை ஒட்டித்தான் மிஷின் போட்டிருந்தாள். அது ஓடுகிற சத்தத்தில்தான் நான் பகலில் கண்ணயர்வேன். என் ஜாக்கெட்டுக்குக் கூலி வாங்க மாட்டாள். "அக்கா, உங்களுக்கு அளவே எடுக்க வேண்டாம், வருஷத்துக்கு ஒரு விரல் கூட்டிக்கிட்டாப் போதும்" என்று கேலி செய்வாள். வாய்க்காரி. எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. ஆபரேஷன் செய்தால் பிழைப்பாள், தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெல்டர் வீட்டை விற்க முடிவு செய்தார். முதலில் என்னிடம்தான் வந்து நின்றார்.

"அக்கா, உங்க பையனுக்குன்னா சொல்லுங்க. வேற ஆளுக்குப் போறதுக்கு நம்மாளுக்குப் போகட்டும்."

"எவ்வளவுப்பா?"

சொன்னார். நியாயமான விலைதான், நான் குறை சொல்லவே மாட்டேன். எனக்குக் கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான். கம்பெனியில் கடைசியாகக் கொடுத்த பணமும் என் இரண்டு வளையலும் சேர்ந்தாலும் அந்த விலைக்குப் பாதி வழியில் நின்றுவிடும். "பார்க்கலாம்ப்பா" என்றேன். கட்டுப்படியாகாத பொருளைக் கட்டுப்படியாக்க ஏழைகளுக்கு ஒரே வழி, காத்திருப்பது. சாயங்காலம் வரை காத்திருந்து காய்கறி வாங்குகிறோமே, அதுபோல. அதில் யாரும் தப்புச் சொல்வதில்லை.

முதலில் வந்தது ஒரு டைப்பிஸ்ட் பெண். உன்னைப் போலவே தாகத்தோடு வந்தாள்.

"வீடு எப்படிங்க?"

"தங்கமான வீடு."

"அக்கம்பக்கம்?"

"தங்கமான ஜனங்க. இப்ப இருக்கிறவங்களும் அப்படித்தான். நல்லா வாழ்ந்தாங்க. பாவம்."

"ஏங்க, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. நீ டீயைக் குடி."

இவ்வளவுதான். ஒரு பொய் கிடையாது. நல்லவர்கள் என்று சொல்லி நிறுத்தினால் நல்லவர்கள். நல்லவர்கள், பாவம் என்று சொல்லிப் பார், மீதியைக் கேட்கிறவர்களே எழுதிக்கொள்வார்கள். நாம் ஒரு பெருமூச்சு விட்டால் போதும். டைப்பிஸ்ட் பெண் பாதி டீயோடு எழுந்து போனாள். போன வழியில் அவளே கற்பனை செய்ததற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

அப்புறம் ஒரு பஸ் கண்டக்டர், தன் மாமியாரோடு வந்தார். அவர் சாது. டிக்கெட் கிழிப்பது அந்த அம்மாள்தான்.

"வீட்டுல யாருக்கும் சீக்கு கீக்கு இல்லையே?" என்று என்னைக் கேட்டாள்.

"எனக்கென்னம்மா தெரியும்? அந்தப் பொண்ணு இந்த வீட்டுக்கு வந்தப்ப குதிரை மாதிரி இருந்தா. இப்பப் பாருங்க. பாவம்."

"மாப்ள, இறங்குங்க" என்றாள் அம்மாள். மாப்பிள்ளை இறங்கினார்.

வெல்டர் விலையைக் குறைத்தார். அவள் மிஷின் மெதுவாக ஓட ஆரம்பித்தது. ஒரு பாவாடை ஓரம் அடிப்பதற்குள் நாலு தடவை நிற்கும். நான் சூப் வைத்துக் கொண்டுபோவேன், தலைவாரிவிடுவேன், காலைப் பிடித்துவிடுவேன். பெற்ற தாய்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்று தெரு முழுக்கப் பேச்சு. அதில் வேஷம் எதுவும் இல்லை அம்மா, அதை நீ தப்பாக நினைக்கக்கூடாது. அவள் மேல் எனக்கு உயிர். வீடு வேறு, அவள் வேறு.

மூன்றாவதாக வந்தவர் ஒரு சமையற்காரர். தொப்பை முதலில் வந்தது, அவர் பின்னால் வந்தார். பணம் தயாராக இருந்தது. மறுநாளே பத்திரம் எழுதலாம் என்றார். டாக்டரும் பணம் கட்டினால் அந்த வாரமே ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார். எனக்கு அது தெரியும். வெல்டர் என்னிடம்தானே எல்லாம் சொல்வார். காலையிலேயே வந்து, "அக்கா, இந்த ஆளு முடிச்சிடுவாரு போலிருக்கு. உங்ககிட்ட வந்தா ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை முழுக்கத் தீப்பொறி பட்ட தழும்பு. "நான் சொல்லாம யாருப்பா சொல்லுவா" என்றேன்.

சமையற்காரரிடம் என் சரக்கு முதலில் செல்லவில்லை. "பாவம்" என்றேன். அவர் சிரித்தார்.

"அம்மா, எனக்குப் பேயும் கிடையாது, பிசாசும் கிடையாது. அடுப்படியில நின்னு நின்னு எல்லாம் வேர்த்து ஓடிப் போச்சு. சுவர் நிக்குமா? அதை மட்டும் சொல்லுங்க."

"சுவருக்கென்ன, நம்மைவிட அதிக நாளைக்கு நிக்கும்."

"அப்புறமென்ன" என்று எழுந்துவிட்டார். எழுந்தவரைத்தான் ஒரு ஆட்டு ஆட்டினேன்.

"குழந்தைங்க இருக்காப்பா?"

"ஒரு பொண்ணு. இப்பத்தான் நடக்குது." சட்டைப்பையிலிருந்து போட்டோவை எடுத்துக் காட்டினார். போட்டோவிலும் தொப்பை.

நான் போட்டோவை வெகு நேரம் பார்த்தேன். பிறகு திருப்பிக் கொடுத்தேன்.

"அந்த வீட்டுல குழந்தை தங்கலைப்பா. ரெண்டு தடவை. பாவம்."

அதுவும் உண்மை. இரண்டு தடவையும் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். இரண்டு தடவையும் என் மடியில்தான் அவள் அழுதாள். சமையற்காரர் போட்டோவைப் பைக்குள் வைத்து, மேலே கையை வைத்து மூடிக்கொண்டார். புரோக்கரிடம்கூடச் சொல்லாமல் தெருவில் இறங்கி நடந்துவிட்டார்.

அப்போது அந்தப் பக்கம் மிஷின் ஓடவில்லை. எவ்வளவு நேரமாக ஓடவில்லை என்று நான் கவனிக்கவில்லை. சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அந்தக் காதில் கம்மல் போட்டுக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று யாருக்குத் தோன்றும்?

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. விலை இறங்கி இறங்கி என் வாசலில் வந்து நின்றது. அப்போதும் நானாகக் கேட்கவில்லை. வெல்டர்தான், "அக்கா, நீங்களாவது எடுத்துக்கங்க" என்றார். எடுத்துக்கொண்டேன், மகன் பெயரில். கம்பெனிப் பணம், வளையல், எல்லாம் போயிற்று. "நீங்க மட்டும் இல்லேன்னா" என்று அவர் பாதியில் நிறுத்திவிட்டு அழுதார். தெருக்காரர்கள் எனக்கு மாலை போடாத குறை.

பணத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, இனி கத்தி வைக்க முடியாது, அந்தக் காலம் தாண்டிவிட்டது, இவ்வளவு நாள் எங்கே போனீர்கள் என்று கேட்டாராம். திரும்பக் கூட்டிவந்தார்கள். என் மகனுக்குச் சொந்தமான வீட்டில்தான் அவள் கடைசி நாட்களில் இருந்தாள். வாடகை கேட்டேனா? ஒரு பைசா கேட்கவில்லை.

கடைசிக்கு முந்தின நாள் சூப் கொண்டுபோனேன். குடிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கேலியாகப் பேசும்போது ஒரு குரல் வருமே, அந்தக் குரலில் சொன்னாள்:

"அக்கா, நீங்க பாவம்."

நான் அவள் கையைத் தடவிக்கொடுத்தேன். சாகப் போகிற நேரத்திலும் என் தனிமையை நினைத்து வருந்தினாள் பார். என்னைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் அவள்தான். அந்தச் சொல்லை அவள் எங்கேயிருந்து எடுத்தாள் என்று சில நாள் யோசித்தேன். பிறகு விட்டுவிட்டேன். பொதுவான சொல்தானே. யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம்.

ஆக, அம்மா, சமையற்காரரை விரட்டினேன், அவள் செத்துப்போனாள். தெரிந்துதான் விரட்டினேன். போலீசில் சொன்னால் சிரிப்பார்கள். "பாவம்னு சொன்னதுக்கா வந்தீங்க? வீட்டுக்குப் போங்கம்மா" என்பார்கள். நீ சிரிக்கவில்லை. நல்ல பெண்.

வெல்டர் அப்புறம் எங்கேயோ போய்விட்டார். மிஷினை எனக்கே விட்டுவிட்டுப் போனார், அக்காவுக்கு ஞாபகமாக இருக்கட்டும் என்று. இதோ, உன் முதுகுக்குப் பின்னால் துணி போட்டு மூடியிருப்பது அதுதான். சாய்ந்துகொள், பரவாயில்லை.

என் மகன் ஒரே ஒரு தடவை வந்தான். இரண்டு வீட்டையும் சுற்றிப் பார்த்தான். "நல்லாத்தாம்மா இருக்கு" என்றான். சாயங்கால வண்டிக்கே கிளம்பிவிட்டான். அடுத்த மாதம் இந்தப் புரோக்கர் வந்தார். வீடு அவன் பெயரில் இருக்கிறதே, விற்கச் சொல்லியிருக்கிறானாம். பெண்டாட்டி தூண்டுதலாக இருக்கும். அவனுக்கு அவ்வளவு யோசனை போகாது.

புரோக்கர் லேசுப்பட்ட ஆள் இல்லை. வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்: "பக்கத்து வீட்டம்மா 'பாவம்'னு ஆரம்பிப்பாங்க. காதுல வாங்காதீங்க." உன்னிடமும் சொன்னாரா? ஆமாம், முகத்திலேயே தெரிகிறது. அந்தச் சொல் இப்போது செல்லாக்காசாகிவிட்டது. அதனால்தான் கொஞ்ச நாளாக நடந்ததை நடந்தபடி முழுசாகச் சொல்லிவிடுகிறேன். உண்மைக்குத் தனி மவுசுதான் அம்மா. சொல்லி முடித்த பிறகு இதுவரை ஒருவரும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. இந்த இடத்தில்தான் எல்லோரும் டீயைக் கீழே வைப்பார்கள். பார், நீயும் வைத்துவிட்டாய். ஏன் மலிவு என்று கேட்டாயே, அதற்கும் சேர்த்துப் பதில் ஆகிவிட்டது.

உன் வீட்டுக்காரர் கூப்பிடுகிறார், போய் வா. அவரிடம் என்ன சொல்வதென்று யோசிக்காதே, உன் முகத்தைப் பார்த்தாலே கிளம்பிவிடுவார். போகிறபோது அந்த வீட்டு ஜன்னலை மட்டும் சாத்திவிட்டுப் போ, தூசி விழும். நாளைக்கு மகன் வந்து நிற்கும்போது வீடு காலியாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டாமா? பாவம், என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?