சண்டைக்குப் பிறகும் வெடி

முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்த இரண்டு பெண்கள், அஜின்கோர்ட் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள்.

“எங்கடை இல்லத்திலை இருக்கிற அந்த ஜப்பான்காரக் கிழவர் உலக யுத்தம் முடிஞ்ச பிறகுதான் சாகப் பயந்தவராம்,” என்றாள் இளையவள்.

“ஏனாம்?”

“நேவியிலை, கடல் கண்ணிவெடி அகற்றுற கப்பலிலை இருந்தவர். மற்றவை வீட்டை போக, இவையளை மறிச்சு வைச்சு, மிச்ச வெடியளை எடுக்க விட்டவையாம். தம்பியாரும் அதே கப்பல். சமாதானம் வந்து அடுத்த வருஷம் அந்தத் தம்பியார் வெடியிலை செத்தவராம்.”

மூத்தவள் பனி படிந்த ஜன்னல் கண்ணாடியைக் கையுறையால் துடைத்தாள்.

“ஊரிலை எங்கடை வீட்டு வளவுக்குள்ளையும் கண்ணிவெடி தாட்டிருக்காம். ஊர்ச் சண்டை முடிய வீட்டை போறதெண்டு அம்மா கொழும்பிலை பெட்டியோடை இருக்கிறா.”

“அவவுக்குச் சொல்லுங்கோவன், அக்கா.”

“எப்பிடிச் சொல்லுறது? அந்த வீட்டை நினைச்சுத்தான் அவ சாப்பிடுறா.”