லாங் ஷாட்டில் நின்ற அப்பா

கல்யாண வீட்டில் வீடியோக்காரனைப் பந்திக்குக் கடைசியாகத்தான் கூப்பிடுவார்கள், ஐயா. எனக்கு அதில் வருத்தமில்லை. கூட்டம் குறைந்தபின் உட்கார்ந்தால் ரசம் நன்றாகத் தெளிந்திருக்கும்.

அருள்மொழி எங்கள் மலையில் தேவனூர் நாட்டுப் பெண்; பல ஊர் சேர்ந்ததை இங்கே நாடு என்போம். பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே அவள்மேல் எனக்கு உயிர். வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லாமலே புரியும் என்று இருந்துவிட்டேன். திருப்புலி நாட்டு வேல்முருகனுக்கு அவளை நிச்சயம் செய்தபோது அவள் அப்பா அர்த்தனாரியே என்னைத் தேடி வந்தார். "பூபதி, நம்ம ஊட்டுக் கல்யாணம், நீதான் கண்ணு வீடியோ எடுக்கோணும்" என்றார். எடுத்தேன். அன்று முழுக்க அவள் ஒருதரம்கூட என் பக்கம் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

தாலி கட்டியதும் ஒரு பார்வை பார்த்தாள். கண்ணில் நீர், உதட்டில் சிரிப்பு. மேடைக்குக் கீழே அர்த்தனாரி, இடுப்பில் நிற்காத புது வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கண்ணைத் துடைத்தபடி நின்றார். அவரைத்தான் பார்த்தாள். லாங் ஷாட்டில் இருவரும் விழுந்தார்கள். பிறகு ஜூம் செய்து அவள் முகத்தை மட்டும் எடுத்தேன்.

லாங் ஷாட், யார் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லிவிடும். க்ளோசப் மனசைக் காட்டும். யாருக்கான மனசு என்று சொல்லாது. அடுத்து எந்த முகத்தை ஒட்டுகிறோமோ அந்த முகத்துக்கு அது சொந்தமாகிவிடும். நான் லாங் ஷாட்டை வெட்டி நீக்கிவிட்டேன். அவள் முகத்துக்கு அடுத்து ஜான்பீட்டர் சாரின் முகத்தை ஒட்டினேன். மலைக்குக் கீழேயிருந்து வந்து எங்கள் பக்கம் வேளாண்மை ஆபீசில் வேலை பார்ப்பவர். பாவம், பந்தியில் யார் குழந்தையையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மறுபடி அவள் முகம். பின்னணிக்குப் புல்லாங்குழல் போட்டேன்.

பென்டிரைவை நானே கொண்டுபோய் வேல்முருகன் வீட்டு டிவியில் போட்டேன். சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தது. அந்த இடம் வந்ததும் அவன் அம்மா மாதம்மாள், "ஏன்டா, இவ யாரப் பாத்து இப்படி உருகறா?" என்றாள். கண்ணால் காண்பதும் பொய் என்பார்கள்; டிவியில் கண்டதை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

அவன் அவளை அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிடுவான், பிறகு நான் போய்க் கட்டிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஊர் என்ன பேசினாலும் அவளை ஏற்றுக்கொள்ளும் மனசு எனக்கு இருந்தது.

அனுப்பினான். அவள் நேராகச் செம்மேட்டில் என் வீடியோக் கடைக்கு வந்தாள்.

"அண்ணா, நான் எங்கப்பனைத்தானுங்க பாத்தேன். முழுசா எடுத்தது உங்ககிட்ட இருக்குமுங்க. அத மட்டும் எங்க ஊட்டுக்காரருகிட்டக் காட்டுங்க சாமி, உங்க கால்ல வுழறேன்."

அன்றுதான் முதல்முறையாக என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். ஆனால் அண்ணா என்றாள். அது நெஞ்சில் தைத்துவிட்டது.

"அழிஞ்சுபோச்சு கண்ணு" என்றேன்.

மறுநாள் அவளைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். அர்த்தனாரி என் தோளில் சாய்ந்துதான் கதறினார். நானும் அழுதேன், ஐயா. அந்த அழுகை பொய்யில்லை. இன்றுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த லாங் ஷாட் அழியவில்லை. அவள் கெஞ்சியபோது என் கம்ப்யூட்டரில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். செய்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். இருந்தாலும் வேல்முருகன் அவளை நம்பியிருக்க வேண்டும். நான் அவளை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.