கலிபோர்னியாத் தீவு

குணசேகரம்: …அக்கா, கோவிக்காமல் கேளுங்கோ. இந்த வரைபடத்தைக் கேக்கிற அந்தாள் விலை பேசவே மாட்டார். நீங்கள் சொல்லுறதுதான்.

கஜலக்சுமி: விக்கிறதெண்டால்தானே விலை. தேத்தண்ணி ஆறுது, குடி.

குணசேகரம்: சுவர் முழுக்கப் பழைய அமெரிக்காப் படம். ஒண்டு குறைஞ்சால் என்ன? எங்கட சனம் சேர்த்தால் இலங்கைப் படம் சேர்க்கும். நீங்கள் மட்டும்…

கஜலக்சுமி: அமெரிக்காவைச் சேர்க்க நான் ஆரிட்டையும் பெர்மிட் எடுக்கோணுமோ?

குணசேகரம்: பகிடிக்குச் சொன்னன். அவர் கேக்கிறது இந்த ஒண்டைத்தான். கலிபோர்னியாவைத் தீவெண்டு கீறின படம். பிழையான படம் அக்கா, இது.

கஜலக்சுமி: பிழை எண்டுதானே வாங்கினன். கீறினவன் அங்கை காலே வைக்கேல்லை. ஒரு பாதிரியார் போய்ப் பார்த்திட்டு, இது தீவில்லை, தரைதான் எண்டு சொன்னவர். ஆர் கேட்டது? பிறகும் கனகாலம் தீவாத்தான் கீறினவங்கள்.

குணசேகரம்: சரி… ஆனா அந்தாள் இப்ப நான் வேலை செய்யிற அல்டர்ஸ்ஹைமில, முதியோர் இல்லத்தில, படுக்கையில. நான்தான் குளிப்பாட்டிறனான். இதே மாதிரி மூண்டு படம் வச்சிருக்கிறார், இதோட தொகுதி நிறைவாகுமாம். இனிக் கனநாள் இரார். பாவம்.

கஜலக்சுமி: பாவமோ… முந்தி என்ன வேலை பார்த்தவராம்?

குணசேகரம்: அரசாங்க வேலை. கந்தோரில, மேசை வேலை.

கஜலக்சுமி: என்ன கந்தோர்?

குணசேகரம்: எனக்கெப்பிடித் தெரியும்?

கஜலக்சுமி: என்ர முகத்தைப் பார்த்துச் சொல்லு, தம்பி.

குணசேகரம்: …அவர் அண்டைக்குத் தன்ர வேலையைத்தானே அக்கா செய்தவர்.

கஜலக்சுமி: எண்டைக்கு?

குணசேகரம்: தேத்தண்ணி நல்லா ஆறிப்போச்சு, அக்கா.

கஜலக்சுமி: அண்டைக்கெண்டு நான் ஒண்டும் கேக்கேல்லையே. நீயாத்தானே சொல்லுறாய்.

குணசேகரம்: உங்களை அகதி விசாரணை செய்தவர் அவர்தான் எண்டு… முதலே தெரியுமோ?

கஜலக்சுமி: போன வருசம் ஏலத்தில எனக்கு முன் வரிசையில இருந்தவர். குரலைக் கேட்ட உடனை தெரிஞ்சுது. கண்டல்குடியிருப்பு எண்டொரு ஊர் தன்ர வரைபடத்தில இல்லை, இவள் பொய்க்காரி, திருப்பி அனுப்புங்கோ எண்டு எழுதின மனுசன். நான் பிறந்து வளர்ந்த ஊரடா. ஏலத்தில இந்தப் படத்துக்கு அவர் கையைத் தூக்கத் தூக்க நானும் தூக்கினன், கடைசியில எனக்குத்தான் விழுந்தது. போய்ச் சொல்லு, படம் விலைக்கில்லை. பார்க்க ஆசையெண்டால் நானே கொண்டுவந்து கட்டிலடியில வைக்கிறன், ஆறுதலாப் பார்க்கட்டும். ஆனா இந்தமுறை கேள்வி கேக்கிறது நான். என்ர ஊர் எங்கை இருக்கெண்டு அவர் சொல்லவேணும்.