இடது கைக்கு ஒரு கத்தி

— கேக்கக்கூடாது தங்கச்சி. சாணைக்காரர் கடையில விலை கேக்கலாம், இரும்பு கேக்கலாம், என்ன வேணாலும் கேக்கலாம். பழைய கத்தியை யாரு கொண்டாந்து குடுத்தாங்கன்னு மட்டும் இங்க யாரும் கேக்கறதில்லை. எங்கயும் எழுதிப் போடலை. ஆனா எல்லாருக்கும் தெரியும்.

— தெரியாம கேட்டுட்டேண்ணே. அந்தப் பிடியில யாரோ பேரு செதுக்கியிருந்துச்சு, அதான்.

— பரவால்லம்மா. புதுசா வர்றவங்க முதல்ல அதைத்தான் கேப்பாங்க. கைடு சொன்னது சரிதான். விக்கிறவங்களுக்கு ஆயிரம் கஷ்டம் இருக்கும்; நான் கிளறினா மறுபடி இந்தப் படி ஏறமாட்டாங்க. வாங்குவேன், தீட்டுவேன், விப்பேன். அதோட சரி. ஆனா நீங்க எதுக்கு வாங்கறீங்கன்னு நான் கேக்கலாம்ல?

— காட்டுக்குள்ள போறேன்யா. என் தம்பியைத் தேடி.

— தம்பியா?

— பறவைங்க சத்தத்தை மிஷின்ல பிடிக்கிற வேலை அவனுக்கு. மூணு நாள்ல வந்துடுவேன்னு போனான். இன்னியோட பன்னெண்டு நாள். ஆபீஸ்லேர்ந்து ஆள் விட்டு அஞ்சு நாள் தேடிட்டு, கையை விரிச்சுட்டாங்க. யாருமே வரலைன்னப்ப இந்த அண்ணன்தான் தானா வந்து, நான் கூட்டிட்டுப் போறேன்னாரு.

— அந்த வாரம் பாத்து நான் ஊர்ல இல்லாம போயிட்டேன் சாணை. இருந்திருந்தா அந்தப் பையனைத் தனியா விட்டிருப்பேனா? முகத்தைக்கூடப் பார்த்ததில்லை, ஆனாலும் மனசு கேக்கலை. விடியக்காலை நாங்க ரெண்டு பேரும் கிளம்பறோம், அவங்க தேடாத பக்கமா. என் கத்தி போதும்னு சொன்னா, இது தனக்கும் ஒண்ணு வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்குது. நான் இருக்கேன்ல, அப்புறம் எதுக்குப் பயம்?

— நீங்க இருக்கீங்க. பயமும் இருக்கேண்ணே. காட்டுக்குள்ள நீங்க அசந்து தூங்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?

— என் குறட்டைக்குக் கரடியே ஊரைப் பாத்து ஓடும். நான் இருக்கேன்ல.

— சிரிப்பெல்லாம் அப்புறம். அம்மா, மடக்குக் கத்தியா, மடங்காததா?

— மடங்காதது. பெருசா. காட்டுக்கு மடக்குக் கத்தி ஆகாதுன்னு தம்பி சொல்லுவான்.

— விவரமான தம்பி. மடங்குற இடம்தான் முதல்ல ஆட்டம் காணும்.

— சாணை, கண்ணாடிப் பெட்டியில மினுக்குதே, அதை எடுங்க. பிடியைத் திருகினா உள்ள திசைகாட்டி, தூண்டில் முள்ளு, தீக்குச்சி எல்லாம் இருக்கு. லேசாவும் இருக்கு. தங்கச்சி கைக்கு அதுதான் தோது.

— கைடு, நீங்களா இதைச் சொல்றீங்க?

— ஏன், நான் சொன்னா என்ன?

— ஒண்ணுமில்லை... அம்மா, அது சும்மா அழகுக்கு. திசைகாட்டி வைக்கணும்னு பிடியைக் கூடாப் பண்ணியிருக்கான். நாலு கிளை வெட்டினா அலகு ஒரு பக்கம், பிடி ஒரு பக்கம். இதைப் பாருங்க. நுனியிலேர்ந்து பிடியோட அடி வரைக்கும் ஒரே இரும்பு. ரெண்டு பக்கமும் மரம் வெச்சு ஆணி அடிச்சிருக்கு. நடுவுல கோடு மாதிரி இரும்பு தெரியுதா?

— தெரியுது. நான் பை தைக்கிறவ ஐயா. கைப்பிடி வாரைப் பையோட அடி வரைக்கும் இறக்கித் தைக்கலைன்னா பாரம் தாங்காது. அது மாதிரிதானே?

— அதேதான்! உங்ககிட்டப் பேசறது சுலபம். இந்தாங்க, ஒரு சாண் அலகு. முதுகு கனமா இருக்கு. மேல கட்டையால அடிச்சா விறகு பிளக்கும். கையில பிடிச்சுப் பாருங்க... ஏன் சுளிக்கறீங்க?

— உக்கார மாட்டேங்குது. கட்டைவிரல் வழுக்குது.

— எந்தக் கையில பிடிக்கறீங்க? அட, இடது கையா!

— எனக்கும் தம்பிக்கும் அப்படித்தான். பக்கத்துல உக்காந்து எழுதறவங்க முழங்கை இடிக்குதுன்னு பள்ளிக்கூடத்துல எங்களை பெஞ்சு ஓரத்துக்கே தள்ளிடுவாங்க.

— அப்ப உங்களுக்குன்னே ஒண்ணு வந்திருக்கும்மா. மேஜைக்குக் கீழ இருக்கு. இடது கைக்காரங்க தீட்டித் தீட்டி ஒரு பக்கம் அதிகமாத் தேஞ்ச அலகு. பிடியும் அந்தக் கைக்கே செதுக்கினது. யாரு வாங்கப் போறாங்கன்னு உள்ள போட்டுட்டேன்.

— அது எதுக்கு இப்ப?

— ஏன் கைடு?

— பழசு. துரு ஏறினது. தங்கச்சி, புதுசே பாரு. நேரமாகுது.

— துருவா? ஒரு பொட்டுத் துரு இல்லைன்னு உங்களுக்குத் தெரியாததா—

— எடுக்காதீங்கன்னேன்ல!

— இருக்கட்டும்ணே, பிடிச்சுத்தான் பாக்கறேனே. குடுங்கய்யா.

— அலகைத் தொட்டுடாதீங்க, நேத்துதான் தீட்டினேன். எப்படி இருக்கு?

— கட்டைவிரலுக்குக் குழி இருக்கு.

— சொன்னேன்ல? அளவெடுத்த மாதிரி உக்காந்திருச்சு. அம்மா? ஏம்மா, பிடியைத் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க?

— பிடியோட அடியில ஒரு ஓட்டை. அதுல ஒரு துண்டு வாரும் நூலும் ஒட்டிக்கிட்டிருக்கு.

— மணிக்கட்டுல மாட்டுற வாரு இருந்திருக்கும். யாரோ அறுத்திருக்காங்க. அந்தத் துணுக்கை நான் கவனிக்கலை. குடுங்க, பிடுங்கிடறேன்.

— பிடுங்காதீங்க. ஊதா நூலு. மூணு இழை முறுக்கி மெழுகு ஏத்தினது. முடியற இடத்துல ரெண்டு தடவை திருப்பிக் குத்தியிருக்கு, பாருங்க. எங்க பட்டறையில எல்லாரும் ஒரு தடவைதான் குத்துவாங்க. நான் மட்டும்தான் ரெண்டு தடவை. எதுக்கு நூலை வீணாக்கறேன்னு திட்டுகூட வாங்கியிருக்கேன். இது நான் தைச்ச வாரு. இது என் தம்பி கத்தி.

— ஊதா நூல் உலகத்துல உன்கிட்ட மட்டும்தான் இருக்கா? கவலையில பாக்கறதெல்லாம் தம்பியாத்தான் தெரியும். வெச்சுட்டு வா.

— ஐயா, இதை யாரு—

— தங்கச்சி! நுழைஞ்சதுமே சொன்னேன்ல? இந்தக் கடையில அதைக் கேக்கறதில்லை.

— கேக்காம எப்படிண்ணே? அவன் உள்ள போனதுக்கப்புறம் அவனைப் பாத்தவங்க யாருமே இல்லைன்னாங்க. இந்தக் கத்தி உள்ளேர்ந்து தானா நடந்து வரலையே! யாரோ பாத்திருக்காங்க. யாரோ இந்த வாரை அறுத்திருக்காங்க. அவன் உயிரோட இருக்கானா இல்லையான்னு அந்த ஆளுக்குத் தெரியும். ஐயா, உங்க கால்ல விழறேன்.

— எழுந்திரும்மா. மொதல்ல எழுந்திரு.

— சாணை, இருபது வருஷமா இந்தத் தெருவுல உங்க கடை எதனால ஓடுது? வாயைத் திறக்காததால. ஒரு தடவை திறந்தீங்கன்னு வெளியில தெரிஞ்சா, அப்புறம் இங்க ஒரு ஈ காக்கா வராது. நினைப்பிருக்கட்டும்.

— நினைப்பிருக்கு.

— அண்ணே, கதவை ஏன் சாத்தறீங்க?

— தூசி வருது.

— ...ஐயா, யாரு குடுத்தாங்கன்னு நான் கேக்கலை. வேற ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு நான் இவரோட போகலாமா? அது கேக்கக்கூடாததுல வராதுல்ல?

— பாத்தீங்களா சாணை, பயத்துல என்ன உளறுதுன்னு? போகலாம்னு சொல்லி அனுப்புங்க. ஒரே வார்த்தை. அவ்வளவுதான்.

— அம்மா, அந்தக் கத்தியைக் கீழ வெக்காதே. அப்படியே இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, மேஜையைச் சுத்தி என் பக்கமா வா.

— ஐயா...

— வாம்மா. எனக்குப் பின்னாடி ஒரு கதவு இருக்கு, பூட்டலை. அந்தப் பக்கம் முழுக்க ஆள் நடமாட்டம்.

— டேய் சாணை, என்னடா பண்றே நீ?

— கைடு, இப்ப நான் கேக்கறேன். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் இந்தக் கத்தியை என்கிட்ட வித்துட்டுப் போனீங்களே, இது உங்க கைக்கு எப்படி வந்துச்சு?