ரேசன் இல்லாத நேர்ச்சை

...வேண்டாம்னுட்டா, அண்ணாச்சி. மொகத்துக்கு நேரா வேண்டாம்னுட்டா அந்த நர்சு கிருபை. கைப்பிள்ளையப் பக்கத்து வீட்டுல போட்டுட்டு, கொதிக்கிற கொழம்ப எறக்கி வச்சிட்டு, ஆசுபத்திரிக்கு ஓட்டமா ஓடி வந்தவ நான். ஒங்க வண்டிக்காரர் வந்து என்ன சொன்னார்? 'உடன்குடி கருப்பட்டிக் கடை வன்னியபெருமாள் அண்ணாச்சி சம்சாரம் பிள்ளை பெத்துட்டு ரத்தம் நிக்காமக் கெடக்காக, ஒன் ரத்தம் சேருமாம், வா'ன்னார். வந்து சட்டைக் கையச் சுருட்டிக்கிட்டு உக்காந்தா, 'ஞானசௌந்தரி, எந்திரி, ஒனக்கு எடுக்க மாட்டேன்'ங்கா. ஏன்னு கேக்காதிய. அத அப்புறம் சொல்லுதேன்.

கொஞ்சம் நகந்து உக்காருங்க. ஒங்களுக்கும் வெரல்ல குத்திப் பாத்தாகளாமே. ஒங்க ரத்தமும் சேரும்னு சொன்னதும் தல சுத்துதுன்னு இங்கன வந்து உக்காந்துட்டியளாம். கிருபை சொல்லிட்டா. அதான் எனக்கு ஆள் அனுப்பியிருக்கிய. வெக்கப்படாதிய, நான் மொத தடவ அடிச்ச கூத்துக்கு இது ஒண்ணுமே இல்ல.

சண்டையில அடிபட்ட பட்டாளத்துக்காரகளுக்கு ரத்தம் எடுக்க வந்திருக்காகன்னு தண்டோரா போட்டாகல்ல, நான் என்ன தேசத்துக்காகவா போனேன்? சீனி போட்ட காப்பியும் பிஸ்கோத்தும் உண்டுன்னாக. சீனி கெடைக்காம நாக்கு செத்துக் கெடந்த நேரம். ஊசிய எடுத்ததும் 'சேசுவே மரியே'ன்னு நான் போட்ட சத்தத்துல, அடுத்த கட்டில்ல படுத்திருந்த போலீஸ்காரர் எந்திரிச்சு ஓடிட்டார். ஊசிய உருவின பெறவும் கத்திக்கிட்டே கெடந்தேனாம். 'முடிஞ்சு போச்சுளா, வாய மூடு'ன்னு கிருபைதான் பிஸ்கோத்த வாயில திணிச்சா.

அப்புறம் ஏன் திரும்பத் திரும்ப வந்தேன்னு கேக்கிய. கேக்கலியா? சரி, நானே சொல்லுதேன். படுக்கத்தான் வந்தேன். மூணு பிள்ளை பெத்தவ பட்டப்பகல்ல கால நீட்டிப் படுக்க முடியுமா? இங்கன வெள்ளைத் துணி விரிச்ச கட்டிலு. 'அசையாத'ன்னு வேற சொல்லுதாக. அம்மான்னு கூப்பிட ஒரு குஞ்சு கெடையாது. மாமியா தேடி வந்தாலும் வெளிய நிறுத்தி வச்சிருவாக. இந்தச் சொகத்துக்கு ரத்தம் என்ன, பல்லக் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன்.

பெறவு அந்தப் பித்தள வில்லை. ரத்தம் குடுத்தவகளுக்குன்னு தந்தாக. சேலையில குத்திக்கிட்டு ஞாயித்துக்கெழம பூசைக்குப் போனேன். எல்லாரும் பாக்கணும்னு பூசை முழுக்க முந்தானையச் சரி பண்ணிக்கிட்டே இருந்தேன். பாத்தது சாமியார் மட்டுந்தான். 'என்ன ஞானசௌந்தரி, ரயிலடியில போர்ட்டரா சேந்திட்டியா'ன்னு கேட்டார்.

மீன் விக்கிற அல்போன்சாவுக்கும் எம் பாட்டிலுதான் ஏறிச்சு. பெழச்சு எந்திரிச்சதும் நமக்குச் சாளை மீன் சும்மா கெடைக்கும்னு கனாக் கண்டேன். ஒரு மீன் கூடுதலாப் போட மாட்டா. வெலயக் கொறச்சுக் கேட்டாக் கரை முழுக்கக் கேக்க ஏசுதா. முந்தி வாயில்லாப் பூச்சி அவ. எம் ரத்தம் போய்த்தான் இந்த வாய் வந்துச்சுன்னு அவ வீட்டுக்காரர் எங்கிட்டச் சண்டைக்கு வாரார். ஆனா அண்ணாச்சி... அவ கூடையத் தலையில வச்சு கைய வீசி நடந்து வாரதப் பாத்தா, சாப்பிடாமலே எனக்கு வயிறு நெறஞ்சிரும். அவ ஏசாத அன்னைக்குத்தான் கவல. ஒடம்புக்கு என்னமோ ஏதோன்னு.

எங்க விட்டேன்... ஆங், வேண்டாம்னுட்டா. காப்பி, கட்டிலெல்லாம் ஒரு பக்கம் கெடக்கட்டும். எனக்கு நேர்ச்சை ஒண்ணு இருக்கு. எங்க வீட்டுக்காரக பேரு சிலுவை, கப்பல்ல வேல. சண்டைக் காலம், கப்பல் மெதக்குதா முங்குச்சான்னு ஒரு தாக்கலும் இல்ல. பனிமய மாதா முன்னால போய் நின்னேன். மெழுகுதிரி நேரலாம்னா கடையில கெடைக்கல. மண்ணெண்ணெயில இருந்து அரிசி வரைக்கும் ரேசன். எங்கிட்ட ரேசன் இல்லாமக் கெடந்தது ரத்தம் ஒண்ணுதான். 'தாயே, அவுகளக் கரை சேத்திரு. யாரு கூப்பிட்டாலும் இல்லைன்னு சொல்லாம ரத்தம் குடுக்கேன்'னுட்டேன். மாதா சொல்லக் காப்பாத்திட்டா. மாதா கோயில் கொடியேத்தத்துக்குத் தாடியும் மீசையுமா வந்து நின்னாக. அதுக்குப் பெறவு எனக்கு வந்த மொதக் கூப்பாடு ஒங்களோடதுதான் அண்ணாச்சி.

வந்து உக்காந்தா, கிருபை கண்ணக் கீழ இழுத்துப் பாத்தா. 'காலையில வாந்தி எடுத்தியா'ன்னா. ஆமா, பழைய சாளைக் கொழம்புன்னேன். 'கொழம்பு இல்லளா, ஒன் வீட்டுக்காரர் கரை சேந்த விசேசம். வயித்துல இருக்கிறதுக்கே ஒன் ரத்தம் பத்தாது, எந்திரி'ன்னுட்டா. ஆளத் திருப்பித் தா தாயேன்னு மாதாகிட்டக் கேட்டவளும் நான், வந்தவுகளுக்குக் கறியும் சோறுமாப் போட்டு மயங்கி நின்னவளும் நான். நர்ச ஏசி என்ன செய்ய?

எந்திரிக்காதிய, இதையும் கேட்டுட்டுப் போங்க. எங்கப்பா முத்துக்குளிக்கிற ஆளு. கல்லோட முங்குவார். அவர மேல தூக்குத கயித்த வள்ளத்துல பிடிச்சிருக்கிறது எங்க தாய்மாமன். அந்த வேலைக்கு எங்க ஆளுக கூலிக்கு ஆள் வைக்கிறதில்ல, மச்சினன்தான் பிடிக்கணும். அக்கா தாலி அந்தக் கயித்துல கெடக்குன்னு தெரிஞ்சவன் அங்கிட்டு இங்கிட்டுப் பாக்க மாட்டான்லா. எங்க மாமாவுக்கு வள்ளத்துல ஏறினாலே கொமட்டும். வாந்தி எடுத்துக்கிட்டேதான் பிடிச்சிருப்பார். ஒரு நாளும் விட்டதில்ல.

நான் கூலி ஆளு, அண்ணாச்சி. நம்பி ஆள் அனுப்பினிய, கைய விரிச்சிட்டேன். உள்ள ஒங்க வீட்டம்மா முங்கிக் கெடக்காக. கயிறு இப்ப ஒங்க கையில. தல சுத்துனாச் சுத்தட்டும். ஊசியப் பாக்காதிய, கூரையப் பாருங்க. மூலையில ஒரு சிலந்தி இருக்கு, எனக்கு ரொம்பப் பழக்கம். இந்தப் பாருங்க, எங் கையில தழும்பு கூடச் சரியாத் தெரியல, எங்கன போச்சு... ஆங், இங்கன...

அண்ணாச்சி? துண்டு கெடக்கு, ஆளக் காணுமே. பேசிப் பேசியே வெரட்டிட்டேன் பாரு. நல்லா இருக்கு ஞானசௌந்தரி, ஒன் ரத்தமும் உதவல, ஒன் வாயும் உதவல...

இரு, இரு. கிருபை ரூம் வாசல்ல இது யாரு செருப்பு? இம்மாம் பெரிய காலு வேற யாருக்கு இருக்கு.

ஏளா கிருபை, உள்ள கேக்குத சத்தம் அண்ணாச்சிதானா? கத்தட்டும், விடு. நான் கத்தாத கத்தா. முடிஞ்சதும் காப்பிக்குச் சீனியே போடு, கருப்பட்டி அவுக கடையிலயே மூட்ட மூட்டயாக் கெடக்கு. ரெண்டு கெளாசாக் கொண்டா. இன்னொண்ணு எனக்கில்லளா... வயித்துல இருக்கிறதுக்கு.